உயில் என்றாலே அப்பா மனம் வருந்துகிறார்: சொத்துக்கு முன்கூட்டியே திட்டம் வகுப்பது அவ்வளவு அவசியமா?

கேள்வி: கெடிலக்கரை

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் என் சொந்த ஊர். வேலையின் பொருட்டு ஓசூரில் வசிக்கிறேன். என் தந்தை 69 வயதான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மஞ்சக்குப்பத்தில் அவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடும், பண்ருட்டிக்கு அருகே தாத்தா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பும், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தாய்க்கு அவருடைய தந்தை எழுதிக்கொடுத்த சிறிய வீடும் எங்கள் குடும்பத்துக்கு இருக்கின்றன. தோப்பின் பட்டா இன்றளவும் 1998இல் காலமான தாத்தாவின் பெயரிலேயே உள்ளது. அதைத் தாத்தா தாமே கிரயம் வாங்கினார். அப்பாவுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் உண்டு. பாட்டிக்குத் தொண்ணூறு வயது. நினைவு நன்றாக இருக்கிறது.

நாங்கள் மூவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தோப்பு முழுவதும் சாய்ந்தபோது, கைப்பணம் போட்டு மறுநடவு செய்தவன் என் தம்பி. பெற்றோரையும் பாட்டியையும் அருகிலிருந்து கவனிப்பவள் தங்கை. நான் மாதாமாதம் பணம் அனுப்புவதோடு சரி. கடந்த பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, எல்லாவற்றையும் பற்றி ஓர் ஏற்பாடு செய்து எழுதி வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். "நான் இருக்கும்போதே பங்கு கேட்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பங்கின் மீது ஆசை இல்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எப்படியும் சட்டப்படி எல்லோருக்கும் சமமாகத்தானே வரப்போகிறது, பிறகு ஏன் இந்த மனக்கசப்பு என்றும் சில நேரங்களில் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய எழுத்தர்

ஐயா, திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "சட்டப்படி சமமாக வரும்" என்று நீங்கள் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என்னிடம் வந்த பெரும்பாலான குடும்பங்கள் அந்த ஒரு வரியை நம்பித்தான் சிக்கலில் மாட்டிக்கொண்டன.

உங்கள் தந்தை உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சுயசம்பாத்திய வீடு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் மட்டும் போகும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. எனவே, அப்போது பாட்டி உயிரோடு இருந்தால் வீடு ஐந்து சம பங்காகும். பிறகு பாட்டி காலமாகும்போது, அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பெற்ற பிள்ளைகளின் கிளைகளுக்குப் போகும். அதாவது சித்தப்பாவுக்கு ஒரு பகுதி, அத்தைக்கு ஒரு பகுதி, உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு பகுதி. உங்கள் தந்தை செங்கல் செங்கலாகக் கட்டிய வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ சித்தப்பா, அத்தை இருவரின் கையெழுத்தும் தேவைப்படும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகள், மருமகன்கள் என்று கையெழுத்துகள் பெருகிக்கொண்டே போகும்.

தோப்பின் கதை வேறு. தாத்தா தாமே வாங்கிய சொத்து, உயிலும் இல்லை என்றால், 1998லேயே அது பாட்டி, உங்கள் தந்தை, சித்தப்பா, அத்தை ஆகிய நால்வருக்கும் நான்கில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. பட்டாவில் பெயர் மாறவில்லை என்பதால் உரிமை இறங்காமல் நின்றுவிடாது. உங்கள் தந்தை மூன்று ஏக்கரையும் உயிலில் எழுதினாலும் அவருடைய கால் பங்கு மட்டுமே செல்லும். உங்கள் தம்பி மறுநடவு செய்தது பிரிக்கப்படாத பொதுச் சொத்தில். சட்டம் தலைகளை எண்ணுமே தவிர, புயலுக்குப் பின் யார் குழி வெட்டினார்கள் என்று தானாகக் கேட்காது. வாய்மொழியாகப் பாகம் பேசி வரப்பு போட்டிருக்கிறீர்கள் என்றாலோ, ஒரு கூர்ச்சீட்டு (பதிவு செய்யாத பாகப் பட்டியல்) இருக்கிறது என்றாலோ, அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாட்டி தெளிவாக இருக்கும்போதே நால்வரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்வதே முறை. எது யாருடையது என்று தெளியாமல் உயில் எழுதுவதில் பயன் குறைவு என்பதால், உங்கள் குடும்பத்தில் உயிலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

உயில் என்பது பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரிய காரியமில்லை. வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதுபவர் கையெழுத்திட, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் நான் எப்போதும் பதிவு செய்யவே சொல்வேன். சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துகளுக்கு நீண்ட காலம் இருந்துவந்த புரொபேட் (உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று பெறுதல்) கட்டாயம் கடலூர்ச் சொத்துக்குக் கிடையாது. சாட்சிகள் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பின்னாளில் வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எண்பது வயது நண்பரைச் சாட்சியாகப் போட்டு, எழுதியவருக்கு முன்பே சாட்சி காலமான உயில்களை நான் பார்த்திருக்கிறேன். வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருவரைத் தேர்ந்தெடுங்கள். முத்தியால்பேட்டை வீட்டை உங்கள் தந்தை எழுத முடியாது. அது உங்கள் தாயின் சொத்து, அவர் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும். உயிலை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் அதற்காகப் புதுச்சேரி வரை அலைய வேண்டியதில்லை.

உங்கள் தந்தையிடம் பங்கைப் பற்றிப் பேசாதீர்கள். "தோப்புப் பட்டாவை மாற்ற வேண்டும், தாத்தா காலத்துப் பத்திரங்களை எடுத்துத் தாருங்கள்" என்று தொடங்குங்கள். ஆசிரியராக இருந்தவர், கணக்கு சரியாக இல்லை என்றால் அவருக்கே பொறுக்காது.

பதில் 2: லாஸ்பேட்டை வாசகி

எழுத்தர் ஐயா நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நிலமே இல்லாத குடும்பத்துக்கும் இது வேண்டும் என்பதற்கு நானே உதாரணம். என் கணவர் 46 வயதில் மாரடைப்பால் காலமானார். எங்களுக்கு இருந்தது வாடகை வீடு, இரண்டு வங்கிக் கணக்குகள், ஓர் ஆயுள் காப்பீடு, கொஞ்சம் நகை. ஒரு கணக்கில் திருமணத்துக்கு முன் அவர் பதிந்த நாமினி என் மாமியார்; அதை மாற்ற வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியதில்லை. வங்கி விதிப்படி பணத்தை அவரிடம் கொடுத்தது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவரே தவிர உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்பது எனக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. அவருக்கும் ஒரு பங்கு சட்டப்படி உண்டு என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். எட்டு மாதங்கள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகனை இழந்தவரும் கணவனை இழந்தவளும் ஒரு படிவத்தின் பொருட்டு அப்படி இருந்தோம்.

அதைவிட என்னை வாட்டியது வேறொன்று. அவர் சீட்டுக் கட்டியதும், நண்பர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்ததும், வாங்கியதும் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன. அவர் கொடுக்க வேண்டியவர்கள் கருமாதிக்கு முன்பே வந்துவிட்டார்கள்; அவருக்குக் கொடுக்க வேண்டியவர்களில் ஒருவரும் இன்றுவரை வரவில்லை.

இப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். கணக்கு எண்கள், காப்பீட்டு எண், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. மகளுக்கு அது இருக்கும் இடம் தெரியும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாக, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று குறித்துப் பதியலாம் என்பதால், அதையும் போய் மாற்றிக்கொண்டேன். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டுப் பெறலாம், ஆனால் கணக்கு இருந்ததே தெரியாதவர் எதைக் கேட்பார்? பெற்றோர் பெயரில் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று தேட, ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் தளம் உதவும். உங்கள் தந்தை அரசு ஓய்வூதியர் என்றால், குடும்ப ஓய்வூதியம் விதிப்படி உங்கள் தாய்க்குத்தான் வரும். அதை உயிலில் எழுத முடியாது. ஓய்வூதியப் பதிவில் தாயின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பதில் 3: வரப்போரம்

ஓர் எச்சரிக்கை. உயில் வேண்டாம், இப்போதே தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று யாராவது உங்கள் தந்தைக்கு யோசனை சொன்னால் அவசரப்பட விடாதீர்கள். உயிலை உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். என் பெரியம்மா வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்கட்டில் அனுமதி கேட்டுக் குடியிருந்தார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவுப்படி அத்தகைய பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும் என்றாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு எளிதாகும். பெரியம்மாவின் பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டுமே எழுதியிருந்தது. எழுதியே தீர வேண்டுமென்றால், வாழ்நாள் அனுபவ உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு எழுதட்டும்.

பதில் 4: பாகூர் ஏரி

கேள்வி கேட்டவருக்குப் புதுச்சேரியில் ஒரு வீடு இருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே 1963 அக்டோபர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்று நடத்திய வழக்கப்படி, மகனுக்குத் தந்தையின் சொத்தில் பிறப்பால் உரிமை கிடையாது. தந்தை முழு உரிமையாளர். ஆகவே கடலூரில் கேட்ட விளக்கத்தை அப்படியே புதுச்சேரியின் பழைய சொத்துக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு தவறும். மூலப்பத்திரம் நொத்தேர் (பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதும் நோட்டரி) முன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டதாக இருந்தால் இப்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துச் சொல்லும் பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.

1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றும் பொருந்தாது. பிரெஞ்சு சட்டத்தில் பிள்ளைகளை உயிலால் முற்றிலும் விலக்கிவிட முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதியும், இருவர் என்றால் மூன்றில் இரண்டும், மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்றும் அவர்களுக்கென ஒதுங்கிவிடும். எங்கள் குடும்பத்திலேயே ஒரு கிளை 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தது, மறு கிளை தேரவில்லை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள் இரண்டு வெவ்வேறு சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினோம். ஆறு ஆண்டுகள் ஆயின. தாத்தா ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் அதில் பாதி நாள் மிஞ்சியிருக்கும்.

பதில் 5: பரங்கிப்பேட்டை

இங்கே சொல்லப்பட்ட உயில் விதிகள் எல்லாச் சமூகத்துக்கும் அப்படியே பொருந்தா. முஸ்லிம்கள் வஸிய்யத்தாக, அதாவது உயிலாக, எழுதக்கூடியது, கடனும் அடக்கச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்கு வரைதான். அதையும் வாரிசு ஒருவருக்கே எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எங்களுக்குப் பங்குகள் முன்பே வகுக்கப்பட்டிருப்பதால் திட்டம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். என்ன சொத்து எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று தெரியாவிட்டால் பங்கை எதிலிருந்து பிரிப்பது?

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். எழுத்தர் ஐயா சொன்னபடி உயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தோப்புப் பட்டாவைப் பற்றி மட்டும் பேசினேன். அப்பா தாமாகவே பரண் மேலிருந்து தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு பத்திரமாக எடுத்து, வாங்கிய ஆண்டு, விலை, எல்லைக்காரர் பெயர் என்று அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினாள். பாட்டிக்கும் ஒரு பங்கு வரும் என்பதைப் படித்துக்காட்டியபோது அப்பா சிரித்துவிட்டார். "அம்மாவுக்குச் சொத்தா?" என்றார், பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பாவையும் அத்தையையும் அடுத்த மாதம் அழைத்திருக்கிறார். தம்பி நட்ட மரங்களைப் பற்றி அவரே எடுத்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

வில்லங்கச் சான்று எடுத்ததில் புதிதாக ஒன்று தெரியவந்தது. 1991இல் ஆழ்துளைக் கிணற்றுக்காகத் தாத்தா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தோப்பை அடமானம் வைத்த பதிவு அப்படியே நிற்கிறது. மீட்டதற்கான ரசீது பதியப்படவில்லை. அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. பாட்டிதான், 1994இல் முந்திரிக்கொட்டை விற்ற பணத்தில் கடனை அடைத்ததாகவும், தாத்தாவுடன் தாமும் போனதாகவும், சங்கம் அப்போது எந்தத் தெருவில் இருந்தது என்பதையும் சொன்னார். வரும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போகிறேன். எழுத்தர் ஐயா, கடன் அடைந்ததற்கான சான்றும் பதிவு செய்யத்தக்க ரசீதும் அவர்களிடம் கேட்க, தாத்தாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் போதுமா, அல்லது பாட்டியையும் அழைத்துச் செல்ல வேண்டுமா?