மோரிஸ் மைனர் 1000: நாலு பிரேக் டிரம்மும் சூடாகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டி 1961 மாடல், 948 சிசி. பத்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் பெடல் கல்லாகிறது, நாலு சக்கரமும் இழுக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் உள்ளே ஊதிய ஹோஸ் என்று முடித்திருக்கலாம். அந்த நேரத்தில் சக்கரத்தில் காற்று எடுக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்தால் பிரேக் ஆயில் பீய்ச்சுகிறது, சக்கரம் உடனே விடுபடுகிறது. ஆக பெடலை விட்டபின்னும் லைனில் அழுத்தம் இறங்கவில்லை.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இருக்கிறது; ஆக புஷ்ராடு பிஸ்டனை அழுத்திப் பிடிக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட், டாட் 4 ஆயில். இனி சந்தேகம் இரண்டு: ஆயில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் துளை அடைப்பு, அல்லது முன்பு யாரோ மினரல் ஆயில் ஊற்றி ரப்பர்கள் உப்பியது. பிந்தையது என்றால் லைன், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டுமே! துளையைச் சுத்தம் செய்ய எந்தத் தடிமன் கம்பி?

இன்னொன்று. எஸ்யூ கார்புரேட்டர் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சிக்கினால் பெட்ரோல் அதன்மேல்தான் சொட்டும். இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தாங்கும் ஹோஸ், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் வயரில் மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் பொருத்தியவர்கள் எங்கே வாங்கினீர்கள்?