சிக்கல் சண்முகசுந்தரத்தின் விரல்கள்

உவர்மலையான்: நேற்று நிலாவெளித் தம்பி ஒரு பதிவு போட்டிருந்தார். இசைப் படத்தில் நாயகன் வாத்தியத்தைத் தானே கற்றிருந்தால்தான் அது நடிப்பாம். அதனால் 'சர்வம் தாள மயம்' ஜி.வி. பிரகாஷுக்குக் கீழேதான் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியாம். விரல் ஸ்வரத்தோடு சேரவில்லை என்று வேறு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1968இல் வந்த படம் அது. அதில் உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது ஊருக்கே தெரியும். சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதியை, உதட்டில் வைக்க முன் சிவாஜி இழுக்கும் மூச்சைப் பாருங்கள். புடைக்கும் கன்னத்தைப் பாருங்கள். ஊதி முடித்ததும் சபையை ஒரு பார்வை பார்ப்பாரே, வித்துவச் செருக்கு முழுவதும் அதில் இருக்கிறது. இதை எந்தக் குரு சொல்லிக் கொடுப்பார்?

நிலாவெளி99: அண்ணை, நான் மூச்சைப் பற்றிக் கதைக்கவில்லை, விரலைப் பற்றித்தான் கதைத்தேன். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளை. 'நகுமோமு' கீர்த்தனை வரும் இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பிரகாஷ் உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் படித்துவிட்டுத்தான் கமெராவுக்கு முன் உட்கார்ந்தார். அந்த வித்தியாசம் கையில் தெரிகிறது.

உவர்மலையான்: மெதுவாக ஓட்டிப் பார்ப்பதற்கா படம் எடுத்தார்கள்? 'நலந்தானா' காட்சியில் காயம் ஆறாத கையோடு வாசிக்கிறார். எதிரே பத்மினி ஆடுகிறார். வலியை அவளிடம் மறைக்கவும் வேண்டும், அவளுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். வாயில் வாத்தியம், பேச வழியில்லை. கண்ணால் மட்டுமே நடித்த இடம் அது. நீங்கள் அங்கேயும் துளை எண்ணிக்கொண்டிருந்தீர்களா?

கோணமலைப்பெண்: தம்பியின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. 1944இல் 'ஹரிதாஸ்' பாகவதர் தானே பாடினார். 1945இல் 'மீரா' எம்.எஸ். தானே பாடினார். அப்படியானால் அவர்கள் சிவாஜியை விடப் பெரிய நடிகர்களா? 'சிந்து பைரவி'யில் சிவகுமாருக்கு யேசுதாஸ் பாடினார். அதையும் தள்ளிவிடலாமா?

நிலாவெளி99: பாட்டு வேறு, வாத்தியம் வேறு அக்கா. உதடு ஓரளவு ஏமாற்றும். விரல் ஏமாற்றாது. விரல் சேரவில்லை.

கிண்ணியா நண்பன்: நானும் சிவாஜி ரசிகன்தான். ஆனால் சரித்திரப் படத்துக்கு அவர் பாணி சரிவராது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் அவர் ஜாக்சன் துரையோடு பேசும் காட்சி மேடை நாடகம். 'பொன்னியின் செல்வன்' ஜெயம் ரவி எவ்வளவு அடக்கமாக நடித்தார்!

உவர்மலையான்: வந்துவிட்டார். போன வருஷம் என் பதிவை நீக்கச் சொல்லி முறைப்பாடு போட்டவர் இவர்தான், நான் மறக்கவில்லை. ஓம், கட்டபொம்மன் மேடையில் பிறந்த வேடம்தான். அந்த வேடத்துக்குத்தான் 1960இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கப்பம் கேட்கிறவன் முன்னால் ஒரு பாளையக்காரன் முணுமுணுக்கவா வேண்டும்? அப்புறம் 1961இல் அதே இயக்குநர் பந்துலு, அதே சிவாஜி, 'கப்பலோட்டிய தமிழன்'. சிறையில் செக்கிழுக்கும் வ.உ.சி.யைப் பாருங்கள். எங்கே சத்தம்? குரலை ஏற்றவும் தெரியும், இறக்கவும் தெரியும் அந்த மனிதருக்கு.

கிண்ணியா நண்பன்: அந்த முறைப்பாடு நீங்கள் தனிப்பட்ட முறையில் ஏசியதற்காகப் போட்டது. நடிப்புக்காக இல்லை. அதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

அளவெட்டியான்: விரலை விடுங்கள், தவிலைப் பாருங்கள். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்ட காதுக்கு, 'தில்லானா'வில் தவில்காரராக வரும் பாலையா தவிலில் கை வைப்பதைப் பார்க்கவே பொறுக்காது.

கோணமலைப்பெண்: எந்தத் தலைப்பிலும் யாழ்ப்பாணத்தைக் கொண்டுவராமல் உங்களால் இருக்க முடியாதா? எங்கள் திருகோணமலைக் கோணேசர் திருவிழா மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் காது இருக்கிறது. பாலையாவின் அந்தக் குசும்புக்கு முன்னால் தவில் கணக்கு யாருக்கு ஞாபகம் வரும்?

அளவெட்டியான்: தட்சிணாமூர்த்திக்குத் தமிழ்நாட்டு வித்துவான்களே தலை வணங்கினார்கள். அதைச் சொன்னால் ஊர்ச்சண்டையா?

நிலாவெளி99: தவில், முறைப்பாடு, கெய்ரோ எல்லாம் வந்துவிட்டது. என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. விரல் சேர்ந்ததா, இல்லையா?

உவர்மலையான்: 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யை எடுத்துப் பாருங்கள் தம்பி. ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க, வாத்தியத்தைப் பிடித்திருப்பவர் ஜெமினி கணேசன். வாசிப்பு தேவலோகம். ஆனால் ஜெமினியைப் பார்க்கும்போது நல்ல வாத்தியத்தை வைத்திருக்கும் அழகான மனிதரைத்தான் பார்க்கிறேன். சிவாஜியைப் பார்க்கும்போது ஒரு வித்துவானைப் பார்க்கிறேன். இரண்டிலும் வாசித்தது வேறு ஆள்தானே? பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அதைச் சொல்லாமல் விரல், விரல் என்று எத்தனை நாள் எழுதுவீர்கள்? கட்டபொம்மனுக்கு இன்றிரவு தனிப் பதிவு போடுகிறேன். கிண்ணியா நண்பர் தாராளமாக வரட்டும், முறைப்பாட்டோடு வந்தாலும் சரி.

நிலாவெளி99: போடுங்கள் அண்ணை. நான் 'நகுமோமு' காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி, எந்த இடத்தில் விரல் தவறுகிறது என்று குறித்துப் போடுகிறேன்.