நிரல் விழுந்தவுடன் ஜி.டி.பி. (பிழைதேடும் கருவி) தானாகவே கட்டளைகளை இயக்க வழி உண்டா?

வளவு (காரைக்குடி):
வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பழைய பேரேடுகளையும் வீட்டு வரைபடங்களையும் ஸ்கேன் செய்து, கறை நீக்கிச் சேமித்துத் தரும் வேலையைச் செய்துவருகிறோம். அதற்கான சி பிளஸ் பிளஸ் நிரல் ஒரு லினக்ஸ் கணினியில் இரவு முழுவதும் ஆளில்லாமல் ஓடுகிறது. சில இரவுகளில் அது பாதியில் விழுந்துவிடுகிறது; காலையில் வந்து பார்த்தால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற ஒற்றை வரியும் 139 என்ற வெளியேற்ற எண்ணும்தான் மிச்சம். ஜி.டி.பி.க்குள் ஓடவிட்டாலோ, விழுந்த இடத்தில் நின்றுகொண்டு யாராவது கட்டளை தட்டும் வரை காத்திருக்கிறது. அடுத்த கட்டு தொடங்குவதே இல்லை. விழுந்தால் விவரங்களைக் கோப்பில் எழுதிவிட்டு வெளியேறவும், நல்லபடியாக முடிந்தால் சத்தமில்லாமல் வெளியேறவும் வழி உண்டா?

பட்டாலை (தேவகோட்டை):
உண்டு. 139 என்பது 128உடன் 11ஐக் கூட்டியது; 11 என்பது அத்துமீறி நினைவகத்தைத் தொட்டதற்கான சிக்னல் எண். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தச் சிக்னல் வந்த நொடியில் எந்தச் செயற்கூறு எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைத்தான்.

ஜி.டி.பி.யை ‘-பேட்ச்’ தெரிவுடன் தொடங்கினால், கொடுத்த கட்டளைகள் தீர்ந்ததும் அது தானே வெளியேறும், ‘நிச்சயமா?’ என்று கேட்காது, பக்கம் பக்கமாக நிறுத்தவும் செய்யாது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ‘-எக்ஸ்’ தெரிவின் மூலம் கொடுங்கள். முதல் வரியில் ‘ரன்’. அடுத்து ஓர் ‘இஃப்’: ‘எக்ஸிட்கோட்’ என்ற ஜி.டி.பி. மாறி வெறுமையாக இருக்கிறதா என்று ‘இஸ்வாய்டு’ செயற்கூறைக் கொண்டு சோதியுங்கள். நிரல் முறைப்படி முடிந்திருந்தால் அந்த மாறியில் ஓர் எண் இருக்கும். நடுவில் விழுந்திருந்தால் இருக்காது. இந்த ஒரு சோதனை இல்லாவிட்டால், நல்லபடியாக முடிந்த இரவுகளிலும் ‘ஸ்டேக் இல்லை’ என்று ஜி.டி.பி. புலம்பிவைக்கும். ‘இஃப்’புக்குள் ‘த்ரெட் அப்ளை ஆல் பேக்டிரேஸ் ஃபுல்’ (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற சங்கிலியும் மாறிகளும்), ‘இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்’ (செயலியின் பதிவகங்கள்) ஆகிய இரண்டும் போதும். வெளியீடு முழுவதையும் தேதியிட்ட ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். நிரலை, பிழைதேடும் விவரங்களைச் சேர்க்கும் ‘-ஜி’ தெரிவுடன் கம்பைல் செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எல்.எல்.டி.பி. என்ற இன்னொரு பிழைதேடும் கருவியில் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். விழுந்தால் மட்டும் இயக்க வேண்டிய கட்டளைகளுக்கென்றே ‘-கே’ என்ற தெரிவு அதில் இருக்கிறது. எனக்கு அதுதான் ஒழுங்கான வடிவமாகத் தோன்றுகிறது.

முகப்பு (கானாடுகாத்தான்):
பட்டாலை அண்ணன் சொன்னது சரி. ஆனால் அன்றாடம் ஓடும் நிரலை எப்போதும் ஜி.டி.பி.க்குள் அடைத்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜி.டி.பி. தன் கீழ் ஓடும் நிரலுக்கு நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடும் வசதியை இயல்பாகவே நிறுத்திவிடுகிறது. அதனால் வெளியில் விழும் சில பிழைகள் உள்ளே விழாமல் ஒளிந்துகொள்ளும். அந்த வழியில்தான் போவதென்றால், ‘ரன்’னுக்கு முன்பே ‘செட் டிஸேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்’ என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வழி வேறு. ‘யூலிமிட் -சி அன்லிமிடெட்’ என்று கொடுத்து நிரலைத் தனியாகவே ஓடவிடுங்கள். விழுந்தால், அந்த நொடியில் நிரலின் நினைவகத்தில் இருந்ததைக் கர்னல் கோர் கோப்பாக எழுதும். அது எங்கே போகும் என்பதை ‘கோர் பேட்டர்ன்’ அமைப்பு முடிவுசெய்கிறது. அந்த அமைப்பு குழாய்க்குறியில் தொடங்கினால் கோர் நேராக வேறொரு நிரலுக்குப் போகும். சிஸ்டம்டி இருக்கும் பல கணினிகளில் அப்படித்தான், அங்கே ‘கோர்டம்ப்சிடிஎல்’ கொண்டு அதைத் தேடி எடுக்கலாம். இரவு வேலையை இயக்கும் ஷெல் ஸ்கிரிப்டிலேயே, வெளியேற்ற எண் 128ஐத் தாண்டினால் அந்தக் கோரை ஜி.டி.பி.யின் பேட்ச் முறையில் திறந்து பேக்டிரேஸ் எடுக்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பிறகு வேறு ஏதாவது பார்க்கத் தோன்றினாலும் கோர் கையில் இருக்கும்.

வளவு (காரைக்குடி):
இருவருக்கும் நன்றி. முதலில் பட்டாலை அண்ணன் சொன்னபடி ஓடவிட்டேன். நேற்றிரவு விழுந்தது, கோப்பும் கிடைத்தது. கறை நீக்கும் செயற்கூறில் ‘அகலம் = 24000, உயரம் = 31000, பைட்கள் = -2062967296’ என்று நிற்கிறது. அந்தப் படம் பேரேட்டுப் பக்கமே அல்ல. தெருவுக்குத் தெரு நீளும் ஒரு வீட்டின் வரைபடத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தது. ஆனால் அதற்கு மேலே உள்ள ஃபிரேமில் (அதை அழைத்த செயற்கூறில்) சில மாறிகளுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று மட்டும் வருகிறதே, ஏன்?

பட்டாலை (தேவகோட்டை):
வேகத்துக்காக நிரலைச் சுருக்கி அமைக்கும் ‘-ஓ2’ தெரிவுடன் கம்பைல் செய்திருப்பீர்கள், அதில் சில மாறிகள் மறைந்துவிடும். சோதனைக்கு மட்டும் ‘-ஓஜி’ வைத்தால் பெரும்பாலான மாறிகள் தெரியும். இந்தப் பிழைக்கு அவை தேவையில்லை. 24000ஐ 31000ஆல் பெருக்கி, மூன்று வண்ணங்களுக்காக மேலும் 3ஆல் பெருக்கினால் 223,20,00,000. 32 பிட் ‘இன்ட்’ கொள்ளும் உச்ச எண் 214,74,83,647. நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகிவிட்டது. அந்த மாறியை, இதைவிடப் பெரிய எண்களைக் கொள்ளும் ‘சைஸ்-டி’ வகை ஆக்குங்கள். பெருக்குவதற்கு முன்பே அகலத்தையும் அந்த வகைக்கு மாற்றுங்கள். பெருக்கிய பிறகு மாற்றினால் பயனில்லை.

முகப்பு (கானாடுகாத்தான்):
கோர் முறைக்கு மாறுவதாக இருந்தால் ஒரு சங்கதி: விழுந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த பக்கங்களும் கோருக்குள் போய்விடும். பேரேடு பிறர் வீட்டுக் கணக்கு என்பதால், பேக்டிரேஸ் எடுத்துப் பார்த்து முடித்ததும் கோரை அழித்துவிடும்படி ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள், வட்டும் நிரம்பாது.