கருவாட்டுக் களத்தில் சேதாரம்: டிரையர் போட்டால் சரியாகுமா?

மண்டபத்துக்காரன்:
மண்டபத்துக்கு மேற்கே கடலோரமாகச் சின்னக் கருவாட்டுக் களம் நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். பெரும்பாலும் நெத்திலி. சீலா, கட்டா மலிவாக ஏலம் போனால் உப்புக் கருவாடும் போடுவோம். வாங்குவதிலும் விற்பதிலும் குறையில்லை, நடுவில் எங்கோ காசு கசிகிறது. சரக்கு எடுக்க வருகிற யாவாரி உடசல், மண், ஈரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விலையைக் குறைக்கிறார். கடன் வாங்கி மின் டிரையர் போடலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி மரைக்காயர்:
ஐப்பசி, கார்த்திகை மழைக்கு டிரையர் கைகொடுக்கும். பங்குனி வெயிலில் கரண்டு பில் கட்டி நெத்திலி காயவைப்பதற்கு என்ன அவசியம் தம்பி? வருஷத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்கும்.

பெரியபட்டினம் அக்கா:
தம்பி, டிரையர் இருக்கட்டும். முதலில் களத்தில் ஒரு தராசு வையுங்கள். ஏலத்தில் போட்ட எடை, களத்துக்கு வந்த எடை, காய்ந்து அள்ளிய எடை, சலித்தபின் நின்ற எடை, நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காசு எந்த இடத்தில் போகிறது என்று அந்த நோட்டு காட்டும்.

நெத்திலியில் நிறையப் பேருக்குப் புரியாத நஷ்டம் ஒன்று உண்டு, அதிகமாகக் காயவைப்பது. நூறு கிலோ பச்சை நெத்திலியில் 78 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரத்தில் அள்ளினால் சுமார் 26 கிலோ கருவாடு. எட்டுப் பங்கு வரைக்கும் விட்டால் 24 கிலோதான். அந்த இரண்டு கிலோ வெயிலோடு போனது, யாரும் திருடவில்லை. போதாததற்கு அப்படிக் காய்ந்த மீன் சாக்கில் போடும்போதே நொறுங்கும், யாவாரி உடசல் என்று இன்னொரு தடவை பிடிப்பார். மீன் ஒடிய வேண்டும், கையில் அமுக்கினால் பொடியாகக் கூடாது. அதற்காக எடை ஆசையில் ஈரத்தோடு அள்ளிவிடாதீர்கள், பூசணம் பிடித்தால் சாக்கே போச்சு.

பொடிசும் பெரிசும் கலந்து பரப்புவதுதான் இதற்கு மூலகாரணம். பெரிசு காய்வதற்குள் பொடிசு கருகிவிடும். காய்ந்தபிறகு தரம் பிரிக்க ஆள் வைக்கிறோமே, அந்த ஆளைப் பரப்புவதற்கு முன்னாலேயே உட்காரவையுங்கள். கூலி அதேதான்.

மண்ணுக்கு மருந்து, கம்பு நட்டு இடுப்பு உயரத்துக்கு வலை கட்டிப் பரப்புவது. அடியிலும் காற்று போவதால் திருப்பிப் போடும் வேலையும் குறையும். ஈக்கு மேலே கொசுவலை போதும். சிலர் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், அது தின்கிறவனுக்கு விஷம், பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

உப்புக் கருவாட்டின் கதை வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். நம் கடற்கரையில் ராத்திரிக்கு அது சாதாரணம். பகலில் காய்ந்ததை ராத்திரி வெளியில் விட்டால் மறுநாள் வெயிலில் பாதி அந்தத் தண்ணீரை எடுக்கவே செலவாகும். பொழுது சாயும் முன்னே குவித்துத் தார்ப்பாய் மூடிப் பாரம் ஏற்றிவிடுங்கள்.

ஒரகடத்து ராம்நாட்டான்:
நான் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறேன். அக்கா சொல்வதைத்தான் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ ஏழு வகை வீண் என்று பிரித்தார்: மிகை உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, தேவைக்கு மேல் பக்குவம், இருப்பு, வீண் நடமாட்டம், பழுது. அதிகமாகக் காயவைப்பது நான்காவது. ஏலம் முடிந்து ஐஸ் இல்லாமல் மீன் வண்டிக்காக நிற்பது காத்திருப்பு. எல்லாவற்றிலும் மோசமானது மிகை உற்பத்தி என்பார் ஓனோ. விற்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள், இருப்பு வைக்காதீர்கள்.

பெரியபட்டினம் அக்கா:
கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும். கருவாட்டுக்கு விலை ஏறுவதும் அப்போதுதான். பங்குனியில் இருப்பு வைக்காதவன் சித்திரையில் எதை விற்பான்? கார் பாகத்தை அடுத்த நாளும் செய்யலாம், நெத்திலி நாம் கூப்பிட்ட நாளில் வராது. மழைக்கு முன்னால் மிஞ்சி நிற்கும் சரக்குதான் வீண். ஐஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. வயிறு வெடித்த நெத்திலி எந்த வெயிலிலும் முதல் தரம் ஆகாது.

மண்டபத்துக்காரன்:
நன்றி அக்கா, அண்ணே. ஐஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் வெறும் பெட்டியில் ஏற்றுகிறோம், நாளையிலிருந்து எடை போட்டுப் பார்க்கிறேன். டிரையர் மழைக்காலம் வரட்டும். சீலாவின் தலை, குடலை இப்போது குழி தோண்டிப் புதைக்கிறோம், அதற்கு ஏதாவது வழி உண்டா?

பெரியபட்டினம் அக்கா:
அழுக விடாமல் அன்றன்றைக்கே தனி டிரம்மில் சேருங்கள். மீன்தூள் ஆலைக்கு எடுக்கிற வண்டி உங்கள் பக்கமும் வரும். பெரிய காசு வராது, ஆனால் குழி தோண்டும் கூலி மிச்சம், களத்தில் ஈயும் குறையும்.