விலாயத்து: 'அருட்சீமை' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சூபிகளை, அதாவது இஸ்லாமிய ஞானிகளைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரைகளைத் தமிழில் எழுதும்போதெல்லாம் 'விலாயத்து' என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறோம், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நண்பர் போன வாரம் கேட்டிருந்தார். வந்த பதில்களை எல்லாம் படித்தேன். என்னிடமும் ஒரு பரிந்துரை இருக்கிறது. அதைச் சொல்லும் முன் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லின் பொருள் முழுவதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

சூபி ஞானி பாபா பரீத் அஜோதனில் இருந்தார். இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் பாக்பத்தன் என்று அழைக்கப்படும் ஊர் அது. பாடகர் ஒருவர் அவரிடம் வந்து, முல்தானுக்குப் புறப்படுகிறேன், வழியில் கள்வர் பயம் அதிகம், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பரீத் சொன்ன பதில் இது: இங்கிருந்து இன்ன இடத்திலுள்ள நீர்த்தேக்கம் வரை என்னுடையது, அதுவரை உனக்கு ஒன்றும் நேராது. அதற்கப்பால் முல்தான் வரை ஷேக் பகாவுத்தீன் ஜக்கரியாவினுடையது. (ஷேக் என்றால் சூபி குரு; பகாவுத்தீன் முல்தானில் இருந்தவர்.) பாடகர் நீர்த்தேக்கம் வரை பத்திரமாகப் போனார். அங்கே நின்று பகாவுத்தீனின் பெயரைச் சொல்லிப் பாதுகாப்பு கேட்டுவிட்டு மேலே நடந்தார்.

பரீதின் சீடரான டில்லி ஷேக் நிஜாமுத்தீன் அவுலியா தம் சபையில் சொன்ன கதை இது. அவருடைய உரையாடல்களை 1308 முதல் 1322 வரை அமீர் ஹசன் சிஜ்ஸி குறித்துவைத்த 'பவாயிதுல் புவாத்' நூலில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நீர்த்தேக்கம்தான். அங்கே காவல் சாவடி கிடையாது, சுங்கம் கேட்பார் இல்லை. ஆனாலும் அது ஓர் எல்லை. இந்தப் பக்கம் ஒருவர் பொறுப்பு, அந்தப் பக்கம் இன்னொருவர் பொறுப்பு. நடந்துபோகிற சாதாரண மனிதனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. விலாயத்து என்பது இதுதான்.

சரி, இப்போது வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> 'புனிதத்துவம்' என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தமிழில் 'புனிதர்' என்றதும் கத்தோலிக்கத் திருச்சபை ஆராய்ந்து அறிவிக்கும் பட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வலிமார்களுக்கு, அதாவது இறைநேசர்களான சூபிகளுக்கு, அப்படிப் பட்டம் கொடுக்கும் அமைப்பு எதுவும் இல்லை. ஒருவர் வலி என்பதை மக்கள்தான் ஏற்கிறார்கள், அவர் கப்ரை (அடக்கத்தலத்தை)த் தேடிப் போகிறவர்கள்தான் அதை நிலைநிறுத்துகிறார்கள்.

> 'ஆன்மிக அதிகாரம்' போதாதா?

அதிகாரம் வந்துவிடுகிறது, நிலம் விட்டுப்போகிறது. 'அதிகார வரம்பு' என்றால் நிலம் வரும், ஆனால் நீதிமன்ற வாடை அடிக்கும். 'அருளாட்சி' அழகான சொல், எனக்கும் ஆசைதான். அது ஆள்வதைக் குறிக்கிறதே தவிர ஆளப்படும் பரப்பைக் குறிக்கவில்லை. "நீர்த்தேக்கம் வரை என் அருளாட்சி" என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிஜாமுத்தீனே இந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஷேக்குக்கும் இறைவனுக்கும் இடையில் இருப்பது ஒன்று, அது ஒரு தனி அன்பு. ஷேக் இறக்கும்போது அதைத் தம்மோடு கொண்டுபோய்விடுவார். ஷேக்குக்கும் மக்களுக்கும் இடையில் இருப்பது மற்றொன்று. அதை அவர் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். பாரசீக எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், முதலாவது 'வலாயத்', இரண்டாவது 'விலாயத்' என்று உயிர்க்குறியில் மட்டும்தான் வேறுபாடு. ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

முதலாவதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் வலியை 'இறைநேசர்' என்று வெகுகாலமாக அழைக்கிறார்கள். 'வலி' என்ற அரபுச் சொல்லில் இருக்கும் நட்பு, நெருக்கம் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. அதிலிருந்து 'இறைநேசம்' என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் நல்ல சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவானேன்?

இரண்டாவதற்குத்தான் என் பரிந்துரை: அருட்சீமை.

சிவகங்கைச் சீமை, சேதுச்சீமை என்று பாளையக்காரர் நாட்டையும் சேதுபதி நாட்டையும் சொன்ன அதே சீமை. ஓர் ஆள், அவர் பொறுப்பில் ஒரு நிலம், அந்த நிலத்து மக்களுக்கு அவர் காவல் என்ற மூன்றும் அந்தச் சொல்லில் ஊறிக் கிடக்கின்றன. இதில் எனக்கே வியப்பைத் தந்த ஒரு பொருத்தமும் உண்டு. உருதுவில் 'விலாயத்' முதலில் ஆட்சிப்பகுதி, மாகாணம். பிறகு அயல்நாடு, குறிப்பாக இங்கிலாந்து. தமிழில் 'சீமை'யும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. முதலில் நாடு, அப்புறம் வெள்ளைக்காரன் நாடு. "சீமைக்குப் போய்ப் படித்தவர்" என்பதை உருதுவில் சொன்னால் அங்கே விலாயத்துதான் வரும். ஒன்றையொன்று பார்க்காமலேயே இரண்டு சொற்களும் ஒரே வளைவில் திரும்பியிருக்கின்றன.

அதனால்தான் குழப்பம் வரும், சீமை என்றதும் சீமைக் கருவேலமும் சீமை எண்ணெயும்தானே நினைவுக்கு வரும் என்று சிலர் கேட்கலாம். சொல் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். முன்னால் நின்றால் அயல்நாடு: சீமை எண்ணெய், சீமை ஓடு. பின்னால் நின்றால் நிலப்பகுதி: கரிசல் சீமை, நெல்லைச் சீமை. அருட்சீமையில் பின்னால்தான் நிற்கிறது. வடசொல் வழி வந்தது என்ற மறுப்பும் வரலாம். அதற்கு மாற்றாக 'அருளெல்லை'யை யோசித்துப் பார்த்தேன். அருளுக்கு ஒரு முடிவு இருப்பதுபோலப் பொருள் திரிகிறது. வேண்டாம்.

> அருள் என்று சொல்லிவிட்டால் அரசியல் மறைந்துவிடாதா?

நல்ல கேள்வி, ஐயா. நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மறையாது, சீமை அதை மறைய விடாது. டில்லி சுல்தான் கியாசுத்தீன் துக்ளக் வங்காளத்திலிருந்து திரும்பும்போது, தான் வந்து சேர்வதற்குள் நகரை விட்டுப் போய்விட வேண்டும் என்று நிஜாமுத்தீனுக்குச் சொல்லியனுப்பினாராம். "டில்லி இன்னும் தூரத்தில் இருக்கிறது" என்றாராம் ஷேக். சுல்தான் டில்லிக்கு வெளியே பந்தல் மண்டபம் இடிந்து விழுந்து இறந்தார். அது 1325. அதே ஆண்டில் ஷேக்கும் மறைந்தார். உரையாடல் நடந்ததோ இல்லையோ, மக்கள் இந்தக் கதையை ஏன் இத்தனை நூற்றாண்டுகள் சொன்னார்கள் என்பது முக்கியம். ஒரே நகரத்தின்மேல் இரண்டு சீமைகள் கிடந்தன, எது பெரியது என்பதுதான் கேள்வி. ஆட்சியாளர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். மகன் பிறந்ததற்கு நன்றிக்கடனாக அக்பர் 1570இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்காவுக்கு நடந்தே போனார். நாகூர் தர்காவில் 131 அடி உயர மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஆர்க்காட்டு திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் ஹைதர் அலி தம் மகனுக்கு வைத்தார்.

முல்தான் விஷயம் இன்னும் முடியவில்லை. அதே பகாவுத்தீன் ஜக்கரியா தர்காவின் சஜ்ஜாதா நிஷீனாக, அதாவது பரம்பரைப் பீடாதிபதியாக, இருந்த ஷா மஹ்மூத் குரேஷி பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சராக இரண்டு முறை இருந்திருக்கிறார். அருட்சீமை தேர்தல் தொகுதியாகிறது என்று எழுதினால் ஒரே வரியில் விஷயம் விளங்கிவிடும். 'ஆன்மிக அதிகாரம்' என்று எழுதினால் இன்னும் இரண்டு வரி விளக்கம் தேவைப்படும்.

தமிழ்க் காதுக்கு இது புதிதும் அல்ல. 'தர்கா' என்ற பாரசீகச் சொல்லுக்கு அரசவை என்றும் பொருள் உண்டு. நம் 'கோயில்' அரசன் இல்லம். நாகூரில் அடங்கியிருப்பவரை ஊரே 'ஆண்டவர்' என்கிறது. ஆண்டவர் என்றால் ஆண்டவர்தானே, அவருக்குச் சீமை இல்லாமல் இருக்குமா?

புழக்கத்தில் எப்படி வரும் என்று நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் இவை: "ஷேக் தம் கலீபாவுக்குத் தக்காணத்தை அருட்சீமையாக ஒதுக்கினார்." "இரு சில்சிலாக்களின் அருட்சீமைகள் முல்தான் சாலையில் சந்தித்தன." கலீபா (ஷேக்கின் பிரதிநிதி), சில்சிலா (குரு மரபு) இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன், அவை தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் உள்ளவை. 'சஜ்ஜாதா நிஷீன்' மட்டும் உறுத்துகிறது. 'gaddi' என்று உருதுவில் சொல்லும் பீடத்தையும் சேர்த்து அதைத் தனியாகப் பேச வேண்டும்.

மாற்றுச் சொல் இருப்பவர்கள் அதை நீர்த்தேக்கக் கதையில் பரீதின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நாகூர், ஏர்வாடிப் பக்கத்து நண்பர்கள் இதற்கு வீட்டுப் பேச்சில் ஏதாவது வழக்கு வைத்திருந்தால் அதுதான் என் பரிந்துரைக்கு முன்னால் வர வேண்டும்.