ஹெச்ஓ நீராவி எஞ்சின்: கியர் மாற்றிய பிறகு கப்ளிங் ராட் இறுகுகிறது

வணக்கம். இது மாதிரி ரயில் எஞ்சின்: ஹெச்ஓ அளவு, அதாவது 1:87, ஆறு இயக்குசக்கரங்கள், 12 வோல்ட் மோட்டார். கடைசி ஆக்சிலின் பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருந்ததால் சக்கரத்தைக் கழற்றிப் புதிய கியர் போட்டாயிற்று. அதிலிருந்துதான் தொல்லை.

மோட்டாரையும், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடுகளையும் எடுத்துவிட்டுத் தள்ளினால் மூன்று ஆக்சிலும் தாராளமாக உருள்கின்றன. முதல் இரண்டு ஆக்சில்களுக்கு மட்டும் ராட் மாட்டினாலும் தடையில்லை. மூன்றாவதைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு நான்கு இடத்தில் இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் கிராங்க் பின் (சக்கரத்தில் ராட் மாட்டும் முளை) ஏறக்குறைய 45 பாகையில் நிற்கும்போது. பின்கள் நேர்கிடையாக வரும் இடத்தில் இறுக்கமே இல்லை. ஆகவே ஆக்சில் இடைவெளியோ ராட் நீளமோ காரணமில்லை, சக்கரத்தைத் திரும்ப அழுத்தியபோது இடவலப் பின்களுக்கு இடையிலான 90 பாகைக் கோணம் பிசகிவிட்டது என்று நினைக்கிறேன். மிகச் சரியாக 90 இல்லாவிட்டாலும் மூன்று ஆக்சிலிலும் ஒரே கோணம் இருந்தால் போதுமே.

கோணம் பிடிக்கும் ஜிக் கருவி கையில் இல்லை. இரண்டாவது ஆக்சிலை அளவாக வைத்து, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்தவர்கள் உண்டா? சக்கரத்தின் பிளாஸ்டிக் மையம் தளராமல் எத்தனை முறை திருப்பலாம்? ராட் துளையைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், அது நோயை மறைக்கும் வேலை.

இன்னொன்று: புதிய கியரும் ஆக்சிலில் மிக இறுக்கமாகவே ஏறியது. மறுபடி வெடிக்காதிருக்கத் துளையை ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) போட்டுத் தளர்த்தி ஒட்டலாமா, பித்தளைக் கியருக்கு மாறலாமா?