காவலராகப் பாதி, கள்வனாகப் பாதி

கொள்ளைக் கதை என்றதும் துப்பாக்கியும் கார் துரத்தலும் இருக்கும் என்று நினைத்தால் 'தி ரேவன்' என்ற கணினி விளையாட்டு உங்களுக்கு ஒத்துவராது. நாம் ஆடுவது ஆன்டன் யாக்கோப் செல்னர் என்ற சுவிஸ் கான்ஸ்டபிளாக. தொப்பையும் மீசையுமாக மெல்ல நடக்கிற மனிதர். ஓடச் சொன்னாலும் ஓடமாட்டார்.

கதை நடப்பது 1964இல். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து ஒரு மாணிக்கக் கல் களவு போகிறது. அங்கே கிடந்தது ஓர் அண்டங்காக்கை இறகு. சில வருஷம் முன்பு சுடப்பட்டதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நம்பிய திருடனின் அடையாளம் அது. அந்த மாணிக்கத்தின் ஜோடிக் கல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலிலும் அப்புறம் கப்பலிலுமாகக் கெய்ரோவுக்குப் பயணமாகிறது. கூடவே செல்னரும்.

ரயிலில் ஒவ்வொரு பயணியிடமும் பேச்சுக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதில் ஒருவர் துப்பறியும் கதை எழுதும் லேடி வெஸ்ட்மாகாட். அகதா கிறிஸ்டி வேறு வகை நாவல்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் மேரி வெஸ்ட்மாகாட். உருவாக்கியவர்கள் யாருடைய ரசிகர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டத்தில் ஆட்டம் நம்மைத் திருடர் பக்கம் தூக்கிப் போடுகிறது. கான்ஸ்டபிளாக நின்று பார்த்த அதே சம்பவங்கள், இப்போது மறுபக்கத்திலிருந்து. செல்னர் மண்டையை உடைத்துக்கொண்ட தடயத்தை நம் கையாலேயே உண்டாக்குகிறோம். யார் எவர் என்று சொல்லமாட்டேன், ஆடாதவர்கள் திட்டுவார்கள்.

இதைச் செய்தது ஜெர்மனியின் பிரேமன் நகரத்து கிங் ஆர்ட் நிறுவனம். அதற்கு முன் சிரிக்கவைக்கும் மாயாஜாலக் கதை விளையாட்டு எடுத்துப் பேர் வாங்கியவர்கள். இதை 2013 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். வரவேற்பு கலவைதான். கதையையும் பாத்திரங்களையும் மெச்சியவர்களே ஆட்டத்தின் மந்த கதியையும் தொழில்நுட்பக் கோளாறுகளையும் குறை சொன்னார்கள். துண்டு துண்டாக வெளியிட்டதும் சேர்ந்து கெடுத்தது என்பது என் கட்சி. முதல் பாகத்தோடு நிறுத்தியவருக்கு நிதானமான ஒரு ரயில் பயணம் மட்டுமே மிஞ்சியிருக்கும். திருடர் பக்கம் பார்த்தால்தானே முன்பாதியின் சின்னச் சின்ன வசனங்களுக்கு அர்த்தம் புரியும்!

புதிதாக ஆடுபவர்கள் 2018இல் வந்த மெருகேற்றிய பதிப்பை எடுக்கலாம். படம் துலக்கமாக இருக்கும், கதையும் புதிர்களும் அதேதான்.